மூணாவது கியர்

"மாமா, எனக்கு ஒரு பைக் எடுக்கோணுமுங்க. எத்தனை சிசி எடுக்கட்டும்?"

தங்கை மகள் போனில் இப்படிக் கேட்டதும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாதாரணமாக வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் நான் விட மாட்டேன். பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், டிராஃப்ட் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் பிஸ்டன் ரிங் பற்றிப் பாடம் எடுத்து மேனேஜரிடம் மெமோ வாங்கியவன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு, "யோசிச்சுச் சொல்றேன் அம்மிணி" என்று போனை வைத்துவிட்டேன். வீட்டுக்காரி ஆச்சரியமாகப் பார்த்தாள். காரணம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

பெண்ணுக்கு வால்பாறை பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. வாரம் முழுக்க அங்கே எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போய்வர வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பொள்ளாச்சிக்கு இறங்கி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற வேண்டும். அறுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். அதில் ஆழியாறிலிருந்து மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போனால் பாதி ஞாயிறு பஸ்ஸிலேயே கழிகிறதாம்.

இரண்டு நாள் கழித்து அவளே நேரில் வந்தாள். கூட வேலை பார்க்கும் பையன் 390 எடுக்கச் சொல்கிறான். ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன், "மலைன்னா புல்லட்தான்" என்கிறார். அம்மா, அதாவது என் தங்கை, ஸ்கூட்டி போதும் என்கிறாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பா ஒன்றும் சொல்லவில்லை" என்பதைக் கேட்டதும் எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பாடத்தை ஆரம்பித்தேன்.

எத்தனை சிசி என்று கேட்பது, எத்தனை லிட்டர் குக்கர் என்று பாத்திரக் கடையில் கேட்கிற மாதிரி. கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "வீட்ல எத்தனை பேருங்க?" இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குப் பத்து லிட்டர் குக்கர் வாங்கினால் விசில் வருவதற்குள் பசி போய்விடும். ஐந்து பேர் வீட்டில் இரண்டு லிட்டர் குக்கரை வைத்துக்கொண்டு மூன்று தரம் சோறு வடிப்பதும் பிழைப்பல்ல.

அதனால் அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். "ஒரு மாசம் என் 100 சிசி வண்டியை எடுத்துட்டுப் போ. தினம் எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடு, எந்த கியர்ல ஓட்டினே, பின்னால யார் உட்கார்ந்தாங்க, எங்கே வண்டி மூச்சு வாங்குச்சு, எங்கே உனக்குப் பயமா இருந்துச்சு. எல்லாத்தையும் எழுது."

"கேஸ் ஷீட் மாதிரிங்களா மாமா?"

"அதேதான்."

அந்த ஒரு மாசத்தில் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சிசி என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற இடத்தின் கொள்ளளவு. நம் ஊரில் லட்சக்கணக்கான பேர் ஓட்டுகிற ஸ்ப்ளெண்டருக்கு 97.2. அரை டம்ளர் காபி அளவு. அந்த அரை டம்ளருக்குள் நடக்கிற வெடிப்பை வைத்துத்தான் புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தை, ஒரு கேஸ் சிலிண்டர் எல்லாம் போகிறது. (சட்டப்படி போகக் கூடாது.)

ஆனால் சிசி பாதிக் கதைதான். அந்த இடம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் மீதி. திருவொற்றியூரில் 1955இலிருந்து செய்த பழைய புல்லட் 350க்கு சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வருகிற நீளம் 90. குறுகலான ஆழக் கிணறு. 390 டியூக் முதலில் வந்தபோது 373 சிசி. கிட்டத்தட்ட அதே கொள்ளளவுதான். ஆனால் விட்டம் 89, நீளம் 60. அகலமான குட்டை. ஸ்ப்ளெண்டர் 50க்கு 49.5, ஏறக்குறைய சதுரம்.

ஆழக் கிணறு எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும். இப்போது வருகிற கிளாசிக் 350கூட 72க்கு 85.8 என்று நீட்டமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் இழுவை நிமிஷத்துக்கு 4,000 சுற்றிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். குதிரைசக்தி மொத்தமே 20தான். டியூக்குக்கு 43, ஆனால் அந்த 43ஐப் பார்க்க 9,000 சுற்று சுற்ற வேண்டும். ஒன்று காங்கேயம் காளை, இன்னொன்று பந்தயக் குதிரை. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில், எதிரே அரசு பஸ் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பும்போது, நீங்கள் இருப்பது 3,000 சுற்றில். அந்த இடத்தில் குதிரையில் பாதி தூங்கிக்கொண்டிருக்கும். வலுக்கட்டாயமாக எழுப்பினால் உதறும். திறந்த நாலு வழிச் சாலையில் தினம் நூறு கிலோமீட்டர் போகிறவருக்கு அதுவே சொர்க்கம்.

சிலிண்டர்கள் எத்தனை, எப்படி அடுக்கியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இதில் நான் அதிகம் நிற்கவில்லை. ஒற்றைச் சிலிண்டர் எளிமையானது, ஒல்லியானது, எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். என்ன, அதிரும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிதானே. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் வைத்தால் அதிர்வு அடங்கும். 2018இல் வந்த ராயல் என்ஃபீல்டு 650 அப்படித்தான். 47 குதிரைசக்தி, இருநூறு கிலோவுக்கு மேல் எடை. ஹார்லி மாதிரி வி வடிவத்தில் வைத்தால் பின் சிலிண்டரின் சூடு உட்கார்ந்திருப்பவர் தொடைக்கு வரும். சித்திரை மாசம் டிராஃபிக்கில் நின்று பார்த்தவர்களைக் கேளுங்கள். பி.எம்.டபிள்யூ 1923இலிருந்து சிலிண்டரை இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி வைக்கிறது. பாரம் தாழ்ந்து இருப்பதால் அழகாகத் திரும்பும், ஆனால் பொள்ளாச்சி மார்க்கெட் சந்தில் அந்தக் கைகள் யாருடைய தக்காளிக் கூடையில் இடிக்கும் என்று சொல்ல முடியாது. 1969 ஹோண்டா சி.பி.750க்குப் பிறகு பெருகிய நாலு சிலிண்டர் வண்டிகளின் சுகமே தனி. ஒரு தரம் ஓட்டியிருக்கிறேன். தையல் மிஷின்போல ஓடும். வால்பாறை நர்ஸுக்கு அது எதற்கு?

துட்டு விஷயமும் உண்டு. 2025 செப்டம்பரில் 350 சிசி வரை ஜி.எஸ்.டி.யை 28 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். அதைத் தாண்டினால் 40. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 75, 150, 350 என்று கோடு போட்டுக் கூடுகிறது. "அப்ப 150க்கு ஒரு தொகை, 160க்கு இன்னொரு தொகைங்களா? பத்து சிசிக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா கணக்குப் போடுறாங்க" என்றாள்.

சரி, பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது.

1994. இவள் பிறக்கவில்லை. இவளுடைய அப்பா, என் தங்கை வீட்டுக்காரர், அதே மலையில் ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். "மச்சான், ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேனுங்க. ஃபோர் ஸ்ட்ரோக் எடுத்தா பெட்ரோல் மிச்சமாகும்கறாங்க" என்று என்னிடம் வந்தார். நான் சிரித்தேன். "அதுல மலை ஏறுனா மாட்டு வண்டி உங்களை ஓவர்டேக் பண்ணும் மாப்ளே" என்றேன். அப்போது எனக்கு டூ ஸ்ட்ரோக் கிறுக்கு. அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. அதே சிசியில் இழுவை அதிகம், சத்தம் அழகு, புகைகூட வாசனை என்று நினைத்த வயசு. நானே கூட்டிக்கொண்டு போய் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வண்டி மேல் ஒரு குறையும் இல்லை.

கொடுக்கும்போது ஒரு யோசனையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் போகும். மலை இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டால் பெட்ரோல் போகாது, எண்ணெயும் போகாது. சக்கரமோ எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ரொம்ப தூரம் அப்படி இறங்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் எல்லாரும் சொன்னதையே நானும் சொன்னேன்: "இறக்கத்துல கியர்ல வராதீங்க மாப்ளே. நியூட்ரல் பண்ணிட்டு பிரேக்லயே வாங்க. எஞ்சின் பிழைச்சுக்கும்."

எஞ்சின் பிழைத்துக்கொண்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ. அட்டகட்டியிலிருந்து ஆழியாறுக்கு 700 மீட்டர் உயரம் இறங்க வேண்டும் என்று வையுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படுகிற சக்தி முழுக்கச் சூடாக மாறினால் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலேட்டரை மூடினால் பிஸ்டன் காற்றை இழுக்க முடியாமல் திணறும். அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. எண்ணெய் அடியில் தனியாக இருந்து ஓடிக்கொண்டே இருப்பதால் எஞ்சினுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிமானமே குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் நியூட்ரல் போட்டு இல்லாமல் ஆக்கிவிட்டால், மொத்தச் சூட்டையும் இரண்டு சின்ன டிரம் பிரேக் சுமக்க வேண்டும். டிரம்முக்குள் சூடு வெளியே போக வழி கிடையாது. லைனிங் சூடேறி வழுக்க ஆரம்பிக்கும். மிதிப்பீர்கள், பெடல் கீழே போகும், வண்டி நிற்காது.

1996 ஐப்பசி. தூறல். மாப்பிள்ளை பெடலை மிதித்திருக்கிறார். சைடு சுவர் தடுத்ததால் உயிர் தப்பியது. கோயமுத்தூரில் நாலு மாசம் ஆஸ்பத்திரி. இடது முழங்கால் அன்றிலிருந்து மடங்காது. எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு பொள்ளாச்சியில் ஒரு மில்லில் கணக்கு எழுதினார். அதற்கப்புறம் டூ வீலரில் பின் சீட்டில்கூட அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. என் தங்கையும் பேசியதில்லை. தீபாவளிக்குப் போனால் அதே மரியாதை, அதே "வாங்க மச்சான்". திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். காலை நீட்டிக்கொண்டு பந்தியில் உட்கார முடியாமல், அவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் அவளுக்கு வண்டி தேர்ந்தெடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நோட்டோடு அவள் வந்த அன்றைக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்பா சொல்லியிருக்காருங்க மாமா. நியூட்ரல்ல இறங்கினேன், என் தப்புன்னு சொன்னாரு. நீங்க சொல்லித்தான் இறங்கினாருன்னு இப்பத்தான் தெரியும்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் அவளே நோட்டைப் பிரித்தாள்.

பிரமாதமாக எழுதியிருந்தாள். தினம் சராசரி 22 கிலோமீட்டர், எஸ்டேட் ரோடு, பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியர். தனியாக இருந்தால் என் வண்டி முனகாமல் ஏறுகிறது. பின்னால் ஏ.என்.எம். அக்காவும் தடுப்பூசிப் பெட்டியும் ஏறிவிட்டால் வளைவுக்கு வளைவு முதல் கியர் கேட்கிறது. ஒரு லாரியை முந்தப் போய் பாதியில் இழுவை போதாமல் பின்வாங்கியிருக்கிறாள். அந்த இடத்தில் சிவப்பு மையில் கோடு. இன்னொரு சிவப்புக் கோடு: சாயங்காலம் ஆறே காலுக்கு, ரோட்டில் யானை. வண்டியை அந்த இடத்திலேயே திருப்பிக்கொண்டு வர வேண்டியிருந்திருக்கிறது. "நல்லவேளை இந்த வண்டி லேசு" என்று எழுதியிருந்தாள்.

என் மனசில் இருந்த பல கேள்விகளுக்கு அந்த இரண்டு சிவப்புக் கோடே பதில் சொல்லிவிட்டது. இருந்தாலும் ஆம்புலன்ஸ் அண்ணன் மனசு நோகக் கூடாதே என்று ஒரு 350ஐ ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தேன். ஓட்டும்போது முகம் மலர்ந்தது. மூன்றாவது கியரில் தூங்கிக்கொண்டே ஏறுகிறது என்றாள். அப்புறம் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற சரிவில் நிறுத்தி, "யானை வந்துருச்சு, திருப்பு" என்றேன். 195 கிலோ. பெண் ஐந்தடி. மூன்று தரம் முன்னும் பின்னும் தள்ளி, மூச்சு வாங்கி, "யானை என்னைத் தாண்டிப் போயே போயிருக்குமுங்க" என்றாள். ஆறடி ஆள், நெடுஞ்சாலையில் நிதானமாக நாள் முழுக்கப் போகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

கடைசியில் ஓசூரில் செய்கிற ஒரு 160. ஒற்றைச் சிலிண்டர், எடை 150 கிலோவுக்குள். ஆள் ஏறினாலும் இரண்டாவது கியரில் இழுக்கும், மூடினால் பிடிக்கும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால் அதுவும் உண்டு. ஈரமான தேயிலைச் சாலையில் அது சும்மா இல்லை. அந்தப் பத்து சிசிக்கு இன்ஷூரன்ஸில் அதிகம் கட்டியதை மட்டும் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

டெலிவரி எடுத்த அன்றைக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு. க்ளட்சைத் தொடாதே. பிரேக் வளைவுக்கு முன்னால் மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் அவளுடைய குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சினார்கள். எல்லாரும் பஸ்ஸில் போனார்கள். நான் மட்டும் என் பழைய 100இல் போனேன். திரும்பும்போது தங்கையும் என் வீட்டுக்காரியும் பஸ் ஏறினார்கள். மாப்பிள்ளையும் பின்னாலேயே போனவர், படிக்கட்டில் கை வைத்தவர், இறங்கி வந்தார்.

"கண்ணு, நான் உன்ற வண்டியிலயே வர்றேன்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. அவரை ஏற்றி உட்கார வைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. இடது கால் ஃபுட்ரெஸ்ட்டில் நிற்காமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் பட்டையை நான்தான் மாட்டிவிட்டேன்.

நான் பின்னால் போனேன். அட்டகட்டி தாண்டியதும் என் கண் ரோட்டில் இல்லை. அவள் வண்டியின் பிரேக் லைட்டிலேயே இருந்தது. வளைவு வரும், ஒரு தரம் சிவப்பு எரியும், அணையும். அடுத்த வளைவு வரை எரியாது. நேர் இறக்கத்திலும் எரியவில்லை. எஞ்சின் மட்டும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இறங்கியது. வளைவு எண் பலகைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒரு குறிப்பிட்ட வளைவில் புதுசாகக் கட்டின சைடு சுவர் இருக்கிறது. அந்த இடத்தில் மாப்பிள்ளையின் தலை கொஞ்சம் திரும்பியது. அவ்வளவுதான்.

ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், நிறுத்தினாள். கீழே ஆழியாறு அணை பளபளவென்று தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளை இறங்கி, காலை நீட்டிக்கொண்டு, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இவ மூணாவது கியர்லயே வர்றாளுங்க. வண்டியே பிடிச்சுக்குது."

"ஆமாங்க மாப்ளே."

"அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் பாருங்க. சூடா இருக்குதான்னு. எனக்குக் குனிய முடியாது."

நான் குனிந்து டிஸ்க்குக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நிமிர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கை பொறுக்கிற சூடுதானுங்க மாப்ளே."

தலையை ஆட்டினார். இன்னும் எட்டு வளைவு இருந்தது. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார்.